நான் துடைத்த டின்

இன்று காலை ஹட்டனிலிருந்து ஒரு கொன்ஸ்டபிள் என் பிஸ்கட் டின்னைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். வழக்கு முடிந்து நாளாகிவிட்டது, சான்றுப் பொருட்கள் வைக்கும் அறையைத் துப்புரவு செய்கிறார்கள், உரிமையாளர் நீங்கள்தானே என்று சிங்களத்தில் கேட்டு, ஒரு கொப்பியில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். நேரமில்லை டீச்சர் நோனா என்று படியிறங்கிவிட்டார்.

டின்னின் கழுத்தில் உடைந்த சிவப்பு அரக்கு இன்னும் ஒட்டியிருக்கிறது. நூலில் கட்டிய துண்டில் என் நிமிர்ந்த கன்வென்ட் எழுத்து: இடம், திகதி, நேரம், என் கையெழுத்து. அதன் கீழே இது யார் யார் கைமாறிப் போனதோ அவர்கள் எல்லாருடைய கையெழுத்தும் வரிசையாக. உள்ளே ஒன்றுமில்லை. மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். இரும்பு வாடை மட்டும். இத்தனை வருடத்துக்குப் பிறகு வேறென்ன இருக்கும்? அப்படியிருந்தும் ஒரு முட்டாளைப்போல மூக்கை வைத்துக்கொண்டு நின்றேன்.

நீ இருந்திருந்தால் உடனே போன் எடுத்திருப்பேன். போன ஐப்பசி மழையில் உன்னைக் கொழும்பில் அடக்கம் செய்தார்கள். முழங்கால் வலியோடு என்னால் அவ்வளவு தூரம் வர முடியவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

போர்டிங்கில் ஏழு வருடம் நமக்குப் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். நீ தோட்டத்து டிஸ்பென்சர் மகள், நான் கங்காணி வீட்டுப் பிள்ளை. சிஸ்டர் காலையில் கட்டில்களைச் சோதிக்க வரும்போது என் விரிப்பை மற்றப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுவார். உன்னுடையதை யாருக்கும் காட்டாமல் விட்டதே அவர் உனக்குச் செய்த தயவு. இரசாயனக் கூடத்தில் மட்டும் எல்லாம் தலைகீழ். நான் சோதனைக் குழாயைக் கழுவித் துடைத்துப் பளிச்சென்று வைப்பேன். நீ கழுவாத குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பாய். மணி அடித்தாலும் உனக்குக் கேட்காது.

பிறகு நீ பல்கலைக்கழகம் போனாய். கொழும்புப் பரிசோதனைக்கூடத்தில் முப்பது வருடம் சாம்பலையும் சட்டைகளையும் செத்தவர்களின் வயிற்றிலிருந்து எடுத்தவற்றையும் பார்த்தாய். நான் இங்கேயே தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன், பெரிய கிளாக்கருக்கு மனைவியானேன். ஏப்ரல் விடுமுறைக்கு நீ வந்தால் முன்வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து வேலைக் கதைகள் சொல்வாய். இரத்தம் பட்ட ஈரத் துணியைக் காய வைத்துக் கடதாசியில் பொதிய வேண்டும், பொலித்தீனில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். தீப்பிடித்த இடத்துச் சாம்பலைப் பொலித்தீனில் போட்டால் எண்ணெயின் ஆவி அதைத் துளைத்துக்கொண்டு போய்விடும், இறுக்கமான மூடி உள்ள டின்தான் சரி. கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் கையெழுத்து வேண்டும். நான் இதையெல்லாம் சமையல் குறிப்புக் கேட்பதுபோலக் கேட்டு மனதில் வைத்துக்கொண்டேன். எல்லாம் தெரிந்துவிட்டது என்றும் நினைத்துக்கொண்டேன்.

"இவ வீட்டுக்கு ஈ வந்தாக்கூட காலத் தொடச்சிட்டுத்தான் உள்ள வரணும்" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னாய். அவர் ஒரு கிழமை சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

கமலாவை நீ ஒருமுறை பார்த்திருக்கிறாய். என்னிடம் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். என் வீட்டுக்காரர் காலமான பிறகு, சனிக்கிழமைகளில் வந்து தரைக்குச் சிவப்புப் பொலிஷ் போட்டுத் தருவாள். என் வீட்டுக்குக் கீழே, தேயிலைக்குள் இறங்கும் பாதையில் இருக்கும் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா அவளுடையது. புருஷன் தங்கராஜ். நல்ல உழைப்பாளி, நல்ல குரல், தீபாவளிக்கு முதல் நாளிலிருந்து மறுநாள் வரை குடிப்பான். மற்ற நாட்களிலும் குடித்தான் என்பதைக் கமலாவின் கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கேட்டால், கொழுந்து மலையில் வழுக்கிவிட்டேன் டீச்சர் என்பாள். வழுக்கி விழுந்தால் விரல் விரலாகவா தழும்பு விழும்? நான் கேட்கவில்லை. பிறத்தியார் வீட்டுக் குடும்பத்துக்குள் தலை போடக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான்.

வைகாசி மாதம், வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கு எல்லாரும் போயிருந்த காலை நேரம். மூடுபனி. பனிக்குள் பனியைவிடக் கறுப்பாக ஒன்று எழுந்ததைக் குசினி ஜன்னலால் கண்டேன். நான் கீழே இறங்குவதற்குள் கூரைத் தகரம் மடிந்து விழுந்துவிட்டது. கமலா உள்ளே இருந்தாள். அன்று காய்ச்சல் என்று வேலைக்குப் போகவில்லை. தங்கராஜ் பெரட்டுக்கு வந்தான் என்று சிலர் சொன்னார்கள், பிந்தி வந்தான் என்று சிலர், வரவேயில்லை என்று ஒருவர். மின்னொழுக்கு என்று தோட்டத்தில் சொன்னார்கள். அந்த லயத்தின் வயர்கள் எலி கடித்துத் தொங்கியதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் வாசலருகே நின்றபோது மண்ணெண்ணெய் வாடை அடித்ததாக எனக்குப் பட்டது.

பொலிஸ் மதியம் வந்து பார்த்தது. கொழும்பிலிருந்து ஆய்வு செய்பவர்கள் வரவேண்டும், கினிகத்தேனையில் மண் சரிந்து பாதை மூடியிருக்கிறது, இரண்டு நாளாகும் என்றார்கள். மேற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது. அந்த மழை வாசலைக் கழுவிவிடும் என்று எனக்குத் தெரிந்தது. நீ சொன்னது நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு ஏறி, அலுமாரியின் மேல் வைத்திருந்த டின்னை எடுத்தேன். புது அகப்பை ஒன்றால் வாசற்படியின் மண்ணையும் கரியையும் அள்ளிப் போட்டு, மூடியை அழுத்தினேன். துண்டில் எழுதினேன். பக்கத்துக் காம்பராக்காரர் இருவரைச் சாட்சிக்குக் கையெழுத்துப் போடச் சொன்னேன். மறுநாள் மழையில் அந்த இடமே சேறாகிவிட்டது. ஸ்டேஷன் ஓ.ஐ.சி. என் டின்னைக் கையில் வாங்கி, டீச்சரைப் போலப் பத்துப் பேர் இருந்தால் எங்களுக்கு வேலையே இல்லை என்றார். அந்த வார்த்தையை நான் எத்தனை பேரிடம் திருப்பிச் சொன்னேன் என்று உனக்குத் தெரியும். உன்னிடமே பிறகு ஒரே போனில் மூன்று தடவை சொன்னேன்.

மாதங்கள் கழித்து அறிக்கை வந்தது. மண்ணில் மண்ணெண்ணெய் உண்டு. மறுநாளே தங்கராஜைப் பிடித்துக்கொண்டு போய் விளக்கமறியலில் வைத்தார்கள். கொலை வழக்கு. கமலாவின் தாய் முத்தம்மா மழையில் நனைந்தபடி மேலே வந்து என் காலைத் தொட்டாள். "எம்புள்ளைக்கு நாயம் கெடச்சது ஒங்களாலதாங்க டீச்சர்" என்றாள். அன்றைக்கு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. இதை மறைக்க மாட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் எடுத்து எல்லாம் சொன்னேன். நீ பாராட்டுவாய் என்று காத்திருந்தேன். பொலித்தீனில் போடாமல் டின்னில் போட்டது நல்லது என்றாய். அப்புறம் கேட்கத் தொடங்கினாய். டின் புதியதா? இல்லை, நத்தார் பண்டிகைக்கு வாங்கிய இரண்டு பிஸ்கட் டின்னில் ஒன்று. கழுவினாயா? கழுவாமல் வைப்பேனா, சவுக்காரம் போட்டுத் தேய்த்துக் காயவைத்தது. மேலே ஒட்டியிருந்த கடதாசி? அதை உரித்துவிட்டேன். பசை போயிற்றா? போகாமல் விடுவேனா.

"பசைய எதாலடி எடுத்த?"

நான் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்குத் தூரத்தில் கேட்டது. எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். பசைக்கும் துருவுக்கும் மண்ணெண்ணெயில் நனைத்த துணி. டின்னைச் சவுக்காரத்தால் கழுவினேன், ஆனால் மூடியின் உள்விளிம்பில் துரு பிடித்திருந்தது. தண்ணீர் பட்டால் திரும்பவும் பிடிக்குமென்று அதை அந்தத் துணியால் மட்டும் துடைத்து, கழுவாமல் மூடி வைத்திருந்தேன்.

"அப்ப அதுக்குள்ள இருக்கிறது அவன் ஊத்துனதா, நீ தொடச்சதா?"

ஒரு சொட்டுத்தானே, அதுவும் எப்போதோ துடைத்தது என்று வாதாடினேன். உன் கூடத்து இயந்திரத்துக்கு ஒரு சொட்டே அதிகம் என்றாய். அப்படியென்றால் அளவு குறைவாக இருக்குமே, அதை வைத்துப் பிரிக்கலாமே என்றேன். நெருப்பில் எரிந்த இடத்தில் மிஞ்சுவதும் அவ்வளவுதான், அளவு எதையும் சொல்லாது என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். நம் ஐம்பது வருடத்தில் உன் பேச்சின் நடுவே நான் வைத்தது அது ஒருமுறைதான்.

அடுத்த கிழமையே நீ கோச்சியில் வந்தாய். அப்போதே உனக்கு மூச்சு வாங்கும். றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி, கைத்தடியை ஊன்றி, முச்சக்கர வண்டிக்காரனோடு சண்டை பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்தாய். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, காலைத் துடைத்துவிட்டுத்தான் வருகிறேன் பயப்படாதே என்றாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, உனக்கும் வரவில்லை.

ஜோடியில் மற்ற டின்னை எடுத்துவரச் சொன்னாய். அதே நாளில் அதே துணியால் துடைத்து, மூடி, அலுமாரியின் மேல் வைத்தது. திறக்கப்போன என் கையைத் தட்டிவிட்டாய். மூடியைச் சுற்றி ஒட்டுத்தாள் ஒட்டி, அதன்மேல் இருவரும் கையெழுத்துப் போட வைத்தாய். இதுதான் நான் முதல் நாளே கொடுத்திருக்க வேண்டியது என்று அப்போதுதான் விளக்கினாய். ஒன்றைச் சோதிக்கக் கொடுக்கும்போது, அதே மாதிரி வெறும் டின் ஒன்றையும், தீ படாத இடத்து மண்ணையும் கூடவே கொடுக்க வேண்டும். அப்போதுதான் எது எங்கிருந்து வந்தது என்று பார்க்க முடியும்.

"நீ குத்தத்த மட்டும் பொறுக்கிட்டு வந்திருக்க. பக்கத்துல வச்சுப் பாக்க ஒண்ணுமே எடுக்கல."

மற்றதையும் அன்றைக்குத்தான் சொன்னாய். லயத்தில் மண்ணெண்ணெய் இல்லாத வீடு எது? மண்ணெண்ணெயில் கரைத்த என் தரைப் பொலிஷில் மிஞ்சியதைக் கமலா கொண்டுபோய்த் தன் வாசற்படிக்குப் பூசியிருக்கலாம். ஒரு பொருள் அங்கே இருந்தது என்பது வேறு, யாரோ கெட்ட எண்ணத்தோடு அதை ஊற்றினார்கள் என்பது வேறு. முதலாவதைத்தான் கூடம் சொல்லும். இரண்டாவதை நாமாகச் சேர்த்துக்கொள்கிறோம். வாசலில் நீ வாடையை மோந்தாயா, மோந்ததாக நினைத்தாயா என்று கேட்டாய். இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது.

இந்த டின்னை நீதிமன்றத்தில் கொண்டுபோய்க் கொடு என்றாய். அங்கேதான் நாம் சண்டை பிடித்தோம். அவன் அவளை அடித்தான், நான் என் கண்ணால் தழும்பைப் பார்த்தேன், அவன்தான் செய்திருப்பான் என்றேன். என் டின் இல்லாவிட்டால் அவன்மேல் வேறொன்றுமில்லை, நான் வாய் திறந்தால் நாளைக்கே அவன் லயத்துக்கு வந்துவிடுவான், முத்தம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்றேன். நான் சொல்லாமல் விட்ட காரணம் ஒன்று இருந்தது. இந்தத் தோட்டம் முழுக்கப் பிள்ளைகளுக்கு ஒழுங்கைப் படிப்பித்தவள், ஒரு மூடியை ஒழுங்காகக் கழுவவில்லை என்று கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். அதை நீ கண்டுகொண்டாய். கண்டுகொண்டதைச் சொல்லாமல் விட்டாய்.

"செஞ்சிருக்கலாம்டி. எனக்குத் தெரியாது. ஒனக்கும் தெரியாது. தெரியலன்னு அறிக்கை எழுதுறதுதான் எல்லாத்தயும்விட கஷ்டம். ஆனா அப்பிடித்தான் எழுதியிருக்கேன்."

மறுநாள் காலை கோச்சிக்குப் போய்விட்டாய். நான் அவித்து வைத்த இடியப்பத்தைத் தொடவில்லை.

மூன்று கிழமை அந்த டின் என் அலுமாரிக்குள் பூட்டியிருந்தது. விளக்கமறியலில் ஒருவன், அலுமாரியில் ஒரு டின். ஜெபமாலையைக் கையில் எடுத்தால் எண்ணிக்கை பிசகும். நாலாவது கிழமை, வழக்குத் தவணை நாளில், வெள்ளைச் சேலை உடுத்து, டின்னையும் எடுத்துக்கொண்டு ஹட்டனுக்கு பஸ் ஏறினேன். தங்கராஜின் வக்கீல் அன்று என்னை ஒரு மணி நேரம் கூண்டில் நிறுத்தி வைத்தார். டீச்சர் ரொம்பச் சுத்தமான ஆளோ என்று கேட்டார். மண்டபத்தில் சிரித்தார்கள். ஆம் என்றேன். அந்த மூடியைச் சுத்தம் செய்தது எதனால் என்று சத்தமாகச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். உங்களுக்கு வேறென்ன தெரியும் என்றார். வேறொன்றும் தெரியாது என்றேன். பின் வரிசையில் முத்தம்மா எழுந்து வெளியே போவது கண்ணாடியில்லாமலே எனக்குத் தெரிந்தது.

இரண்டாவது டின்னைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். வெறும் டின்னிலும் அதே எண்ணெய். போதிய சான்று இல்லை என்று அவனை விட்டுவிட்டார்கள். உனக்குச் சொன்னபோது நீ சந்தோஷப்படவில்லை. நல்லது செய்தாய் என்றும் சொல்லவில்லை. முழங்காலுக்கு என்ன பூசுகிறாய் என்று கேட்டாய்.

உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று உண்டு. நோய்ப் படுக்கையில் உன்னைக் கலக்கக்கூடாதென்று விட்டேன். வெளியே வந்த மறு கிழமை தங்கராஜ் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு இங்கே வந்தான். மெலிந்து, தலைமயிரை ஒட்ட வெட்டி, மரியாதையாகப் படிக்குக் கீழேயே நின்றான். தெய்வம் போல வந்து காப்பாற்றினீர்கள் என்றான். பழத்தை வாங்கவில்லை. அவன் கண்ணைப் பார்த்து, நீ செய்தாயா என்று கேட்டேன். அவன் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் என் குசினிப் பக்கம் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தான்.

"கோட்டுல நீங்கதானே சொன்னீங்க டீச்சர். தெரியாதுன்னு."

அதன்பிறகு தினமும் காலையில் பெரட்டுக்குப் போகும்போது என் வேலியருகே நின்று கும்பிடு போட்டுவிட்டுத்தான் போகிறான். ஒரு நாளும் தவறியதில்லை. நானும் தலையை அசைக்கிறேன். அவன் நிரபராதியாக இருந்தால் நான் அவனைச் சந்தேகிக்கும் அநியாயத்துக்கு மன்னிப்பு இல்லை. அப்படி இல்லாவிட்டால் யார் எனக்கு மன்னிப்புத் தருவது? இரண்டையும் வைத்துக்கொண்டு அவன் கும்பிடுக்குத் தலையசைப்பது எப்படி என்று உன் கூடத்தில் யாருக்காவது தெரிந்திருக்கலாம்.

போன மாதம் அவன் மஸ்கெலியாவிலிருந்து ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தான். அடுத்த லயத்தில் காம்பரா கொடுத்திருக்கிறார்கள். ஆசீர்வாதம் வாங்க வேண்டுமென்று அவளை மட்டும் மேலே அனுப்பினான். பெயர் சுமதி. இருபத்திரண்டு வயது இருக்கும். புதுத் தாலிக்கயிற்றின் மஞ்சள் கழுத்தில் ஒட்டியிருந்தது. உட்காரச் சொல்லி, தேத்தண்ணீர் கொடுத்தேன். அவள் குடித்து முடிக்கும்வரை யோசித்தேன். கமலாவிடம் கேட்காமல் விட்ட பிழையை இன்னொரு தடவை செய்யக்கூடாது. அதற்காக, தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லவும் கூடாது. அதனால் தெரிந்ததை மட்டும் வரிசையாகச் சொன்னேன். முதல் மனைவி இருந்தாள். தீயில் செத்தாள். அவள் கையில் தழும்புகளைப் பார்த்திருக்கிறேன். வழக்கு நடந்தது. விட்டுவிட்டார்கள். அவன் செய்தானா இல்லையா என்பது எனக்குத் தெரியாது.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை.

"அவரே எல்லாஞ் சொல்லிட்டாருங்க டீச்சர். அவரு ஒண்ணும் செய்யலன்னு நீங்கதான் கோட்டுல சத்தியம் பண்ணி காப்பாத்துனீங்களாமே. அதக் கேட்டுத்தான் எங்கம்மா சம்மதிச்சாங்க."

அப்படிச் சொல்லவில்லை என்றேன். நான் என் டின்னைப் பற்றி மட்டும்தான் சொன்னேன் என்றேன். இரண்டாவது தடவையும் சொன்னேன். வயதானவர்கள் பணிவுக்காக மறுப்பதைப் பார்த்துச் சிரிப்பார்களே, அந்த மாதிரி சிரித்தாள். குனிந்து என் காலைத் தொட்டாள். பாதையில் தங்கராஜ் காத்துக்கொண்டு நின்றான். அவள் இறங்கிப் போய்ச் சேர்ந்ததும் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

எந்த நேரத்திலும் மேலே ஓடிவரலாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமைகளில் வருகிறாள். பொலிஷ் போட விடுவதில்லை, சும்மா உட்கார வைக்கிறேன். அவள் கைகளை வெளிச்சத்தில் பார்க்கிறேன். இதுவரை ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பதற்கு என்ன பொருள் என்று கேட்கத்தான் நீ இல்லை.

விடியற்காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் குசினி ஜன்னலைத் திறக்கிறேன். கீழே, பனிக்குள், அவர்களுடைய காம்பராவிலிருந்து புகை எழும். அது அடுப்புப் புகைதான் என்று நிச்சயமாகத் தெரிய எனக்கு இரண்டு நிமிடம் பிடிக்கிறது. அந்த இரண்டு நிமிடமும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.